எதிர்மனுதாரர்: கொள்ளிடம் ஆறு

உக்காருங்க டீச்சர், உக்காருங்க. அந்தப் பையை நான் மடியில வச்சுக்கிறேன். கல்யாண வீட்டுப் பைதான். தேங்கா, வெத்தலை பாக்கு, ஒரு லட்டு. லட்டை பஸ் ஏறும்போதே தின்னுட்டேன். என் வேட்டியைப் பார்த்து ஒதுங்க வேண்டாம், சேறு காஞ்சு போச்சு, உங்க மேல ஒட்டாது. கல்யாணத்துக்குப் போயிட்டு வர்ற ஆளு இப்படியா வருவான்னு நீங்க நினைக்கிறது தெரியுது. சொல்றேன். பாலத்தைச் சுத்திக்கிட்டு எங்க ஊர் போய்ச் சேர ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். கோடையா இருந்தா ஆத்தை நேரா நடந்தே தாண்டிடலாம், அரை மணிதான். ஆனா நான் இனிமே அந்த ஆத்துல கால் வைக்கிறதா இல்ல.

நீங்க டீச்சர்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, மடியில பேப்பர் கட்டு, கையில செகப்புப் பேனா. அந்தப் பேப்பர்ல ஏதோ ஒரு பிள்ளை நீலத்துல வளைச்சு வளைச்சுப் போட்டிருக்கே, அது ஆறுதானே? நினைச்சேன். என்ன கேள்வி அது? ஆறு வளையுற எடத்துல வெளிப்பக்கத்தை அரிக்கும், உள்பக்கத்துல மண்ணைக் கொண்டு வந்து சேர்க்கும். சரி. அதுக்கு எத்தனை மார்க்கு? ரெண்டா! அந்த ரெண்டு மார்க்குக் கேள்விக்கு நான் ஏழு மா நிலம் கொடுத்திருக்கேன் டீச்சர். ஏழு மா. ரெண்டேகால் ஏக்கருக்கு மேல.

என் பேரு உத்திராபதி. வடகரையில புளியஞ்சேரி. என் தங்கச்சி தையல்நாயகியைக் கட்டிக் கொடுத்தது நேர் எதிரே, தென்கரையில நல்லாந்திட்டு. கூப்பிட்டா கேக்காது, ஆனா அவ வீட்டுல அடுப்பு எரிஞ்சா எங்க கரையிலேருந்து புகை தெரியும். புகை தெரியலைன்னா என் வீட்டுக்காரி பவுனாம்பா, "என்னங்க, தையலுக்கு உடம்பு சரியில்லையோ?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. அவ்வளவு பக்கம்.

எங்க நிலம் படுகை நிலம். கரைக்கும் தண்ணிக்கும் நடுவுல கிடக்கிற பூமி. எருவே வேண்டாம். வெள்ளம் வந்து போறப்பல்லாம் ஒரு விரற்கடை வண்டல் போட்டுட்டுப் போகும். கையில அள்ளினா மைதா மாவு மாதிரி வழுக்கும். கொள்ளிடம் போடுற வரைக்கும் நல்ல ஆறுதான் டீச்சர். எடுக்க ஆரம்பிச்சப்புறம்தான் அதோட குணம் தெரிஞ்சுது.

தண்ணி ஓரமா நாணல் கிடக்கும். ஆள் உசரத்துக்கு, அஞ்சாறு வரிசை. சும்மா கிடக்கு. மாடு கூட மோந்து பார்த்துட்டுப் போயிடும். அந்த எடத்துல நாலு வரிசை மொந்தன் வாழை வைக்கலாமேன்னு எனக்குத் தோணுச்சு. தப்பா? தையலு எதுக்கோ வீட்டுக்கு வந்தவ சொன்னா, "அண்ணே, நாணலைத் தொடாதே. அதோட வேருதான் கரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது." தென்கரையில வாழ்க்கைப்பட்டவ, வடகரை விவகாரம் அவளுக்கு எதுக்கு? தை மாசம் வெட்டினேன். வேரோட தோண்டிட்டேன், அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. வாழை வச்சேன். ஜோராத்தான் வந்துச்சு. ஆடிக் கடைசியில வெள்ளம் வந்துச்சு.

நாணல் வெட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. நீங்க முகத்தை அப்படி வைக்காதீங்க. ஊர்ல எல்லாரும் இப்படித்தான் முகத்தை வைக்கிறாங்க.

மூணு நாள் டீச்சர். நான் மேட்டுல நின்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். நிலம் அடியில கரைஞ்சு, மேல இருக்கிறது பொத்துன்னு விழுது. ஒரு வாழை நிக்கும், நிக்கும், அப்புறம் நின்ன வாக்குலயே போகும், ஏதோ வெளியூருக்குக் கிளம்பின மாதிரி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நான் ஓன்னு அழுதேன். பவுனாம்பா என் வேட்டித் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, எங்க நானும் இறங்கிடுவேனோன்னு. மூணாம் நாள் சாயங்காலம் மோட்டார் கொட்டாய் போச்சு. அதுக்கு மேல போறதுக்கு ஒண்ணும் இல்ல.

தண்ணி வடிஞ்சப்புறம் பார்த்தா, எதிர்க்கரையில, சரியா என் தங்கச்சி வீட்டுக் கொல்லைக்குக் கீழ ஒரு புது மேடு. பளபளன்னு. அடுத்த வருஷத் தண்ணியில இன்னும் கொஞ்சம் ஏறுச்சு. அதுல வாழை முளைச்சு நிக்குது. என்ன வாழை? மொந்தன்! தென்கரையில ஒருத்தனும் மொந்தன் வைக்க மாட்டான், அங்கல்லாம் பூவன்தான். என் வாழைக்கட்டை மிதந்து போய் ஒதுங்கி, வேர் விட்டிருக்கு. என் மண்ணு, என் வாழை, அவங்க கொல்லை. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

நேரா போனேன். மேட்டு ஓரத்துல நாலு மூங்கில் கழி நட்டுக் கயிறு கட்டினேன். தங்கச்சி புருஷன் அம்மையப்பன் வந்தாரு. நல்ல மனுஷன்தான், ஆனா பேச்சுல ஒரு நக்கல் இருக்கும். "மச்சான், ஆறு கொண்டு வந்து போட்டதுக்கு என்கிட்ட ஏன் சண்டைக்கு வர்றீங்க? ஆத்தைக் கேளுங்க"ன்னாரு. கழியைப் பிடுங்கி, கட்டா கட்டி, மரியாதையா என் கையிலயே கொடுத்துட்டாரு. அன்னையிலேருந்து எனக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. மூணு வருஷம் ஆச்சு.

ஆத்தைக் கேளுங்கன்னாரு இல்ல? கேட்டேன். தாலுகா ஆபீஸ்ல மனு கொடுத்தேன். மனுதாரர் உத்திராபதி, எதிர்மனுதாரர் கொள்ளிடம் ஆறு. ஆக்கிரமிப்பு செஞ்சு என் மண்ணை எடுத்து மூணாம் மனுஷருக்குக் கொடுத்திருக்குன்னு எழுதினேன். அங்க இருந்த கிளார்க்கு ரெண்டு தடவை படிச்சாரு. "அய்யா, ஆத்து மேல மனு வாங்க முடியாதுய்யா"ன்னாரு. "ஏன் முடியாது?"ன்னேன். "சம்மன் அனுப்பினா யாரு வாங்குவா?"ன்னாரு. நியாயமான கேள்விதான்.

சும்மா விடுவேனா? என் கரையில மிஞ்சின மண்ணு ஒரு பொட்டலம், அந்த மேட்டு மண்ணு ஒரு பொட்டலம், ரெண்டையும் மண் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ரெண்டுக்கும் 'வண்டல்'னு சீட்டு வந்துச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அந்தக் கிளார்க்கு சீட்டைப் பார்த்துட்டு, "கொள்ளிடம் முழுக்க வண்டல்தான்யா. இது மலையிலேருந்து கிளம்பி வந்த மண்ணு. உங்க நிலத்துல வந்து கொஞ்ச நாள் தங்கிட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான்"ன்னாரு. தங்கிட்டுப் போக அது என்ன லாட்ஜா?

இதுல இன்னொண்ணும் சொல்லணும். எங்க தாத்தா காலத்துல என் நிலம் இருந்த எடத்துலதான் ஆறே ஓடுச்சாம். அப்புறம் ஆறு தெக்க ஒதுங்கி, இங்க மண்ணு சேர்ந்து, தாத்தா திருத்தி வாழை வச்சிருக்காரு. அப்போ தென்கரையிலேருந்து ஒரு மனுஷன் பரிசல்ல வந்து, "இது என் மண்ணு, இது என் மண்ணு"ன்னு கத்திட்டுப் போனாராம். தாத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. பாவம், விவரம் இல்லாத மனுஷன். ஆனா அது வேற, இது வேற.

என்ன கேட்டீங்க? ஆமா, அப்பா நிலம்தான். பட்டுசாமின்னா சுத்துப்பட்டுல தெரியாதவங்க இல்ல. தங்கச்சிக்குப் பங்கா? இல்லையே. எதுக்கு? கட்டிக் கொடுத்தாச்சு, நகை போட்டாச்சு. அப்பா தவறி நாப்பதாம் நாள் நானே ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன், விடுதலைப் பத்திரத்துக்கு. பங்கு வேண்டாம்னு எழுதிக் கொடுக்கிறது. ஊர் வழக்கம்தானே. அவ படிச்சுக்கூடப் பார்க்கல. "எங்கண்ணே போடணும்?"ன்னு மட்டும் கேட்டா. அவ்வளவு பாசம். நானும் சும்மா விடல, வெளியில வந்ததும் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன். அரக்குக் கலர். அவ அரக்கு கட்டவே மாட்டாளாம், பவுனாம்பா அப்புறம் சொன்னா. எனக்கு எப்படித் தெரியும்?

சரி, கதைக்கு வரேன். தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதுறவர் ஒருத்தர் மரத்தடியில உக்காந்திருப்பாரு. அவர் ஒரு வழி சொன்னாரு. "எதிர்க்கரைக்காரங்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா, அதை வச்சு முயற்சி பண்ணிப் பார்க்கலாம்." முயற்சிதான், நிச்சயம் இல்லைன்னும் சொன்னாரு. அவரே காகிதமும் எழுதிக் கொடுத்தாரு. 'மேற்படி மண் வடகரை உத்திராபதியின் நிலத்து மண் என்றும், எனக்கு இதில் எவ்விதப் பாத்தியதையும் இல்லை என்றும்...' அப்படிப் போகும். கீழ தையலு கையெழுத்துக்கு எடம் விட்டிருந்தாரு.

புருஷன்காரரோட பேச்சு இல்ல. தையல்கிட்ட எப்படிக் கேக்கிறது? அப்பத்தான் பத்திரிகை வந்துச்சு. அவ மக இலக்கியாவுக்குக் கல்யாணம், ஆவணி கடைசி முகூர்த்தம், அவங்க வீட்டு வாசல்லயே பந்தல். எங்க வகையறாவுல ஒரு முறை உண்டு டீச்சர். பொண்ணோட தாய்மாமன்தான் பந்தல் வாசலுக்கு ரெண்டு வாழை மரம் கொண்டு வந்து கட்டணும். குலை தள்ளின மரம், மாமன் சொந்த நிலத்து மரம். கடையில வாங்கினது ஆகாது. அது கட்டினப்புறம்தான் பொண்ணை மணையில உக்கார வைப்பாங்க. கட்டலைன்னா பொண்ணுக்கு மாமன் இல்லைன்னு அர்த்தம்.

எனக்கு ஏது நிலம்? பவுனாம்பா ஒரு வாரம் புலம்பினா. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முந்தி தையலே போன் பண்ணினா. "அண்ணே, இங்க மேட்டுல நிக்கிறது உன் வாழைதானே. வந்து ரெண்டு வெட்டிக் கட்டிடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." பார்த்தீங்களா? உன் வாழைன்னு அவ வாயாலயே ஒத்துக்கிட்டா! நான் சொன்னேன், "கட்டுறேம்மா. ஆனா ஒரு காகிதம் கொண்டு வரேன், அதுல கையெழுத்துப் போட்டுடு. போட்டாத்தான் கட்டுவேன்." நான் ஒண்ணும் மிரட்டல டீச்சர். பவுனாம்பாதான் அதுலேருந்து என்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறா. கல்யாணத்துக்கும் என்னோட வரல, முந்தின நாளே தனியாப் போயிட்டா. இப்பவும் அங்கதான் இருக்கா.

இன்னைக்கு விடியக்காலம் முதல் பஸ்சுல போய் இறங்கினேன். வீட்டுக்குள்ள போகல. நேரா கொல்லையைச் சுத்தி மேட்டுக்கு நடந்தேன். கேட்டுட்டு வெட்டினா அது அவங்க எடம்னு ஆயிடும் இல்லையா? என் நிலத்துக்கு நான் போறேன். கையில அருவா, சட்டைப்பையில காகிதம், பிளாஸ்டிக் கவர் போட்டு. மேடு நல்லாக் காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு. பதினைஞ்சு நாள் முந்தி தண்ணி வந்து போனதை நான் யோசிக்கல. காச்சின பாலு மேல ஆடை கட்டுற மாதிரி, மேலதான் காஞ்சிருக்கு. ஏழாவது அடி வைக்கிறேன், முழங்கால் வரைக்கும் உள்ள போச்சு. அதைப் பிடுங்க மத்தக் காலை ஊனினேன். அதுவும் போச்சு. அசைய அசையத் தொடை. அப்புறம் இடுப்பு. நாப்பது வருஷம் படுகையில விவசாயம் பார்த்த ஆளு நான். வெளிய சொல்லிடாதீங்க.

கூப்பிடலாம். பந்தல்ல நாதஸ்வரம் ஆரம்பிச்சாச்சு, அம்மையப்பன் வாசல்ல நின்னு வர்றவங்களை வாங்க வாங்கன்னு கும்பிடுறது தெரியுது. ஆனா பேச்சு வார்த்தை இல்லாத மனுஷனை எப்படிக் கூப்பிடுறது? முகூர்த்தம் ஏழரை. அருவாளைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நின்னேன்னா, நட்டு வச்ச மாதிரி இருந்தேன். கால்மணி நேரம் இருக்கும்.

தையலுதான் பார்த்தா. கொல்லையில ஏதோ எடுக்க வந்தவ, என்னைப் பார்த்துட்டு ஒரு சத்தம் போட்டா பாருங்க, அய்யோ! பந்தல்காரங்க ஏணியைத் தூக்கிக்கிட்டு அம்மையப்பன் ஓடி வந்தாரு. சேத்து மேல ஏணியைப் படுக்கப் போட்டாங்க. அதுல தையலு மண்டி போட்டு என்கிட்ட வந்தா, பட்டுப்புடவையோட. அம்மையப்பன் கரையில நின்னு, "உங்கண்ணனை நெஞ்சை ஏணி மேல சாய்க்கச் சொல்லு"ன்னாரு. நான், "எனக்குத் தெரியும்னு சொல்லு"ன்னேன்.

அவ கையை நீட்டுனா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்றதுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. "மொதல்ல கையெழுத்து"ன்னேன். முறைன்னா முறைதானே. வாழையை ஒரு தடவை கட்டிட்டா அப்புறம் யாரு கையெழுத்துப் போடுவா? கரையில நின்ன அம்மையப்பன் தலையில அடிச்சுக்கிட்டாரு. அவ என்னையே பார்த்தா. அழுவாளோன்னு நினைச்சேன், அழல. "காகிதத்தைக் கொடு"ன்னா. பேனாவும் நானே கொடுத்தேன். ஏணிக் கட்டை மேல வச்சு எழுதினா. இந்தத் தடவை படிச்சா டீச்சர். மேலேருந்து கீழ வரைக்கும் விரலை வச்சு வச்சுப் படிச்சா. நான் இடுப்பளவு சேத்துல இருக்கேன், அவ படிச்சுக்கிட்டிருக்கா. அப்புறம் திருப்பி வச்சு எழுத ஆரம்பிச்சா. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமாம்மான்னு கேட்டேன். எழுதி முடிச்சா. மடிச்சு, கவருக்குள்ள போட்டு, என் சட்டைப்பையில வச்சா. வச்சுட்டு, "ம், பிடி"ன்னா.

எழுவது கிலோ நான். அவளும் அம்மையப்பனும் கயிறு போட்டு இழுத்தாங்க. செருப்பு உள்ளயே போச்சு, கண்ணாடி போச்சு. அம்மையப்பனே அருவாளை வாங்கி, கெட்டி மண்ணு பார்த்து நடந்து போய் ரெண்டு மரம் சாய்ச்சுட்டு வந்தாரு. நல்ல குலை டீச்சர், கிட்டத்தட்ட பத்துச் சீப்பு. சொல்லக்கூடாது, என் எடத்துல இருந்தப்போ கூட அவ்வளவு வந்ததில்ல. நான் அப்படியே சேத்தோட தூக்கிக்கிட்டுப் போய்ப் பந்தல்ல கட்டினேன். வீடியோக்காரன் என்னை மட்டும் நாலு தடவை எடுத்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இது ஏதோ எங்க பக்கத்துச் சடங்குன்னு நினைச்சுக்கிட்டுக் கும்பிட்டாங்க. இலக்கியா மணையில உக்காந்து என்னைப் பார்த்து, "மாமா வந்துட்டியா"ன்னு சிரிச்சா. நல்ல பிள்ளை.

சாப்பிட்டதும் கிளம்பிட்டேன். தையலு வாசல் வரைக்கும் வந்தா. பையைக் கொடுத்தா.

இப்ப உங்ககிட்ட ஒரு உதவி. கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு மாதிரிதான் தெரியும். தென்கரை ஆளுங்ககிட்ட இதைக் காட்ட எனக்கு இஷ்டமில்ல. அவ எங்க கையெழுத்துப் போட்டிருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. இந்தாங்க. சேறு படல, கவர்ல இருந்துச்சு.

விட்டிருந்த எடத்துல ஒண்ணும் போடலையா? நல்லாப் பாருங்க. பின்பக்கம் திருப்புங்க, பின்பக்கம் எழுதினா. ஆங், அதுதான். படிங்க. சத்தமாவே படிங்க, பரவாயில்ல.

'இது எங்க அப்பா நிலம்.' சரி. யாரு இல்லைன்னா? மேல படிங்க.

'எனக்குக் கொடுக்காத பங்கை...'

ம்.

'...ஆறு கொண்டு வந்து போட்டிருக்கு. இதை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டேன். அண்ணன் எப்ப வேணும்னாலும் வந்து வெட்டிக்கலாம். வரும்போது குரல் கொடுத்துட்டு வரணும், சேறு இருக்கு.'

கீழ கையெழுத்து இருக்கா? என்ன போட்டிருக்கா? பட்டுசாமி மகள் தையல்நாயகின்னா? அம்மையப்பன் பேரைப் போடலையா? அவளுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம் ஆகுது டீச்சர்.

இல்லல்ல, ஒண்ணும் இல்ல. ஜன்னலைச் சாத்த வேண்டாம். காத்துல தூசி, அவ்வளவுதான்.

இன்னொரு தடவை படிங்க. ஆறு கொண்டு வந்ததுலேருந்து வேண்டாம், அது எனக்குத் தெரியும். 'எனக்குக் கொடுக்காத'ன்னு வருதே, அங்கேருந்து. மெதுவாப் படிங்க.